வேலணைக் கனகுவின் பெரிய ட்றம்

ட்றம்ஸ் அடிக்கிறவன் பிழைவிட்டால் மட்டும்தான் சனம் அவனைத் திரும்பிப் பார்க்கும். பிழைவிடாமல் அடித்தால் அவன் மேடையில் இருந்ததே ஒருவருக்கும் தெரியாது. பாட்டுக்காரனுக்கு முன்னால் மைக். எக்கோடியன் பெட்டி இழுக்கிறவனுக்கு நடுமேடை. நமக்கு மூலை. பாட்டுக்குழுவோ நாடகமோ கந்தோர் வேலையோ, எங்கேயாவது பின்வரிசையில் இருந்து உழைத்து, முன்னால் நிற்கிறவனுக்குக் கைதட்டு விழுவதைக் கேட்டுக்கொண்டிருந்த சகபாடிகளே, உங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

நான் ஊர்காவற்றுறை ஆள். பெயர் சூசை. கிழமை நாட்களில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துவேன்; சனி, ஞாயிறு எங்கள் குழுவில் ட்றம்ஸ். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு, பொழுதுபட முன்னம் சனம் வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டும் என்று நிகழ்ச்சிகளை எல்லாம் பின்னேரத்துக்கு மாற்றிவிட்டார்கள். தீவுப் பகுதியில் ட்றம்ஸுக்கு என்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பில் நான் சந்தோஷமாகத் திரிந்த காலம். அந்தச் சந்தோஷம் வேலணையில் ஒரு பின்னேரத்தோடு முடிந்தது.

வண்டில் சில்லு

வேலணையில் ஒரு சனசமூக நிலையத்தின் ஆண்டுவிழா. முதலில் எங்கள் குழு, பிறகு உள்ளூர்க் குழு. நாங்கள் முடித்து இறங்கி, கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடிக்கும்போது திரை விலகியது. மேடையின் நடுவில் வண்டில் சில்லு அளவில் ஒரு பேஸ் ட்றம். காலால் மிதித்து அடிக்கிற அந்த ட்றம் என்னிடமும் இருந்ததுதான். ஆனால் என்னுடையதை ஒரு கையால் தூக்கிக்கொண்டு சைக்கிளில் ஏறலாம். இது ஆளையே மறைத்தது. பின்னால் இருந்தவனுக்குக் கனகு என்று பெயர். மீன்பெட்டிகளை அடுக்கி, அவற்றின் மேல் கதிரையையும் கால்மிதியையும் வைத்து, நீதவான் மாதிரி உயரத்தில் இருந்தான். அப்படி இருந்தால்தான் அடி அந்தத் தோலின் நடுவில் விழும். தாளத்தட்டுகளைப் பந்தலின் வளைமரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தான்.

முதல் அடி விழுந்தது. தகரக் கூரை அதிர்ந்தது. என் கோப்பையில் இருந்த தேத்தண்ணீரில் வட்டம் ஓடியது. "சத்தம் கலங்கல். தெளிவில்லை" என்று எங்கள் எக்கோடியன்காரன் பீற்றரிடம் சொன்னேன். பீற்றர் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். எல்லாம் முடிந்து நான் என் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு விழாத் தலைவர் வந்தார். குனிந்து என் பேஸ் ட்றம்மை வாஞ்சையோடு தட்டிப் பார்த்தார். "தம்பி, இது அதின்ரை குட்டியோ?" என்றார்.

பக்கத்து வளவு

கனகுவைப் பற்றி விசாரித்தேன். கொழும்பில் ஹோட்டல்களில் ட்றம்ஸ் அடித்தவன். கலவரத்தில் வீடும் ட்றம்ஸும் எரிந்துபோக, உடுத்த உடுப்போடு கப்பலில் வந்து இறங்கியவன். கேட்கப் பாவமாகத்தான் இருந்தது. 'கொழும்பு ஹோட்டல்' என்ற இடத்தில் மட்டும் பாவம் கொஞ்சம் குறைந்தது. வந்தவன், இங்கே நல்ல ட்றம் வாங்க வழியில்லை என்று கண்டு, தானே செய்வித்திருக்கிறான். எங்கே? ஊர்காவற்றுறையில், என் வேலிக்கு அடுத்த வளவில்! வள்ளம் கட்டுகிற அருளப்பு அண்ணை, வள்ளப் பலகை வளைக்கிற மாதிரியே நனைத்துச் சூடுகாட்டி வளைத்து, இரண்டு பக்கமும் மாட்டுத்தோல் இழுத்துக் கட்டிக் கொடுத்திருக்கிறார். அந்த வளவைத் தாண்டித்தான் நான் தினமும் வேலைக்குப் போனேன். உள்ளே வட்டமாக என்னவோ கிடந்ததைப் பார்த்தும் இருக்கிறேன். கிணற்றுக்குக் கட்டுக் கட்ட அச்சுச் செய்கிறார் என்று நினைத்தேன்.

நேரே போய் அருளப்பு அண்ணையிடம் நியாயம் கேட்டேன். "பக்கத்து வீட்டிலை ஒரு ட்றம்ஸ்காரன் இருக்கிறன். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் வேலணையானுக்குச் செய்து குடுத்திருக்கிறியளே அண்ணை?" அவர் பலகை சீவிய சீவுளியை நிறுத்தவில்லை. "அவர் வந்து கேட்டவர், செய்து குடுத்தனான். நீர் ஒருநாளும் கேக்கேல்லையே."

பின் ஆசனம்

யாழ்ப்பாணத்தில் ஒரு நிகழ்ச்சிக்கு இரண்டு குழுவும் ஒரே பஸ்ஸில் போகவேண்டி வந்தது. நான் ஊர்காவற்றுறையில் ஏறினேன். என் ட்றம்ஸ் வழியை மறைக்கிறது என்று கொண்டக்டர் ஏசி, எல்லாவற்றையும் என் மடியில் ஏற்றிவிட்டான். வேலணையில் கனகு தன் ட்றம்மை உருட்டிக்கொண்டு வந்தான். அதே கொண்டக்டர் இறங்கி ஓடிப்போய் ஒரு கை பிடித்தான். பின் நீள ஆசனத்தில் இருந்தவர்களை எழுப்பிவிட்டு அதைப் படுக்கவைத்தான். எழுந்தவர்களும் முணுமுணுக்காமல் ட்றம்மைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பண்ணைப் பாலம் வரைக்கும் அந்தச் சில்லைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். தாங்காமல் கொண்டக்டரிடம், "என்ன தம்பி, ஆளுக்கொரு சட்டமோ?" என்று கேட்டேன். "அண்ணை, உங்கடையை மடியிலை வைக்கலாம். அது மடியிலை வைக்கிற சாமானோ?"

வீட்டு ஆள்

நாரந்தனையில் என் மனைவி றெஜினாவின் தங்கைக்குக் கலியாணம். கோயிலில் பூசை முடிந்து பந்தலில் பாட்டு. நான் எங்கள் குழுவுக்குச் சொல்லி, புதுச் சேட்டும் தைத்து, ட்றம்முக்கு நிறமும் பூசி வைத்திருந்தேன். கலியாணத்துக்கு முதல் கிழமை றெஜினா குசினியில் நின்றபடி, என் முகத்தைப் பாராமல் சொன்னாள்: "தங்கச்சி வேலணை ஆக்களைப் பிடிச்சிட்டாள். உங்கடையை எப்பவும் கேக்கிறனாங்கள்தானே."

கலியாணப் பந்தலில், என் சொந்த மச்சாளின் கலியாணத்தில், கனகு மீன்பெட்டிக்கு மேல் இருந்து அடிக்கிறான். என் மாமன்மார் ஆடுகிறார்கள். என்னோடு பத்து வருடமாகச் சரியாக முகம் கொடுத்துக் கதைக்காத பெரிய மாமா, துவாயைத் தலைக்கு மேல் சுழற்றி ஆடுகிறார். பெண்பிள்ளைகள் அந்தத் தோலில் கை வைத்து அதிர்வு பார்க்க வரிசையில் நிற்கிறார்கள். நான் ஒரு மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மாமி வந்து என் கையில் சோற்று அகப்பையைத் தந்தா. "மருமோன், நீங்கள் வீட்டு ஆள். பந்தியைப் பாருங்கோ."

பீப்பா

அன்றிரவு முழுக்க நித்திரை இல்லை. பெரிய ட்றம்முக்குப் பெரிய ட்றம்தான் பதில் என்று முடிவு செய்தேன். அருளப்பு அண்ணையிடம் கேட்க ரோசம் விடவில்லை. துறைமுகத்தில் கிடந்த பெரிய எண்ணெய்ப் பீப்பா ஒன்றை வாங்கி, இரண்டு பக்கத்தையும் வெட்டி, தோல் கட்டினேன். கனகுவின் ட்றம் அகலம், என்னுடையது நீளம். அதைச் சரித்து வைத்தால் பீரங்கி மாதிரி இருக்கிறது என்று பீற்றர் சொன்னான். அது நல்லதுக்குச் சொன்னானா என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

கோயில் திருநாளுக்கு ஒத்திகை. பாதர் தன் அறைக்குப் பக்கத்தில் இருந்த மண்டபத்தைத் தந்திருந்தார். நான் பலம் எல்லாம் கூட்டி முதல் அடியை மிதித்தேன். தகரத்தில் பட்டு வந்த அந்தச் சத்தம் மண்டபத்துக்குள் நிற்கவில்லை. இரண்டாவது அடி, மூன்றாவது அடி. வெளியே ஒரு பெண் குழறுவது கேட்டது. எட்டிப் பார்த்தால், கடற்கரைத் தெருச் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குள் ஓடுகிறது. ஒருத்தி அடுப்பில் இருந்து இறக்கிய சட்டியோடு ஓடினாள். கடலில் இருந்து நேவி ஷெல் அடிக்கிறான் என்று நினைத்துவிட்டார்கள். நான் வெளியே ஓடி, "இல்லை, இல்லை, இது ட்றம்!" என்று கத்தினேன். சிரிக்கிற நிலையில் ஒருவரும் இல்லை. சட்டியோடு ஓடினவளின் கை வெந்திருந்தது. பாதர்தான் மருந்து போட்டார். சனம் போனபிறகு அவர் என்னிடம் வந்தார். "சூசை, வேலணையான்ரை ட்றம்முக்குச் சனம் ஓடி வருது. உன்ரை ட்றம்முக்கு ஓடிப் போகுது."

நயினாதீவுக் கடல்

பீப்பா திரும்பவும் எண்ணெய்ப் பீப்பாவாகிவிட்டது. பழைய ட்றம்மோடு இருந்த எனக்கு நயினாதீவில் இருந்து அழைப்பு வந்தது. அம்மன் கோயில் திருவிழா, மத்தியானப் பூசைக்குப் பிறகு பாட்டு, இரண்டு குழுவும் வேண்டும் என்றார்கள். குறிகட்டுவான் துறையில் படகுக்கு நின்றோம். கனகுவின் ட்றம் படகின் கதவுக்குள் போகாமல் கூரையில் ஏற்றிக் கட்டினார்கள். நடுக்கடலில் காற்று எழும்பியது. கயிறு அவிழ்ந்து ட்றம் உருண்டது. உருண்டு கடலில் விழுந்தது. யாத்திரைக்கு வந்த பெண்கள் "ஐயோ அம்மாளே" என்று கும்பிட்டார்கள். நான் கும்பிடவில்லை. என் நெஞ்சுக்குள் தேர்த் திருவிழா நடந்தது.

அது தாழவில்லை; ஆமை மாதிரி மிதந்தது. பக்கத்தில் வலைபோட்ட வள்ளக்காரர் கயிறு எறிந்து இழுத்து வந்து கரையில் சேர்த்தார். ஆனால் தோல் ஊறித் தொய்ந்து, அடித்தால் ஈரச் சாக்கில் அடிக்கிற மாதிரி இருந்தது. கனகு அதைத் தடவிக்கொண்டு மணலில் கொஞ்சநேரம் குந்தியிருந்தான். பிறகு என்னிடம் வந்தான். "சூசை அண்ணை, உங்கடை பேஸ் ட்றம்மை ஒருக்கால் தருவியளோ?" நான் உடனே சம்மதித்தேன். எனக்கே அதிசயம். ஆனால் உள்ளுக்குள் ஒரு நினைப்பு: பெரிய ட்றம் இல்லாமல் இவன் ஆர் என்று சனம் இன்றைக்குப் பார்க்கட்டும்.

எங்கள் பங்கு முடிந்தது. கனகு என் ட்றம்மின் முன்தோலைக் கழற்றி, சத்தம் அதிராமல் இருக்க நான் உள்ளே திணித்து வைத்திருந்த தலையணையை எடுத்து மெதுவாக வெளியே வைத்தான். ஒரு பக்கத்தைத் தளர்த்தினான், மறு பக்கத்தை இறுக்கினான், காதை வைத்துக் கேட்டான். அடிக்கத் தொடங்கினான். பலமாகக்கூட அடிக்கவில்லை. வள்ளத்தின் அடியில் படுத்திருக்கும்போது அலை வந்து பலகையில் தட்டுமே, அந்த மாதிரி ஒரு சத்தம். பின்னுக்கு நின்ற சனமும் கதைப்பதை விட்டது. பாடுகிறவனைப் பார்க்காமல், பின்வரிசையில் இருந்தவனைப் பார்த்தது. அவ்வளவு காலமும் அந்த வண்டில் சில்லின் மேல்தான் எனக்கு எரிச்சல் என்று நினைத்திருந்தேன். சில்லு மணலில் ஈரமாகக் கிடந்தது; எரிச்சல் மட்டும் அப்படியே இருந்தது, முன்னையைவிடக் கூடுதலாக. பீற்றர் என் தோளில் கை வைத்தான். "சூசை, உன்ரை ட்றம்முக்குள்ளை இப்பிடியொரு சத்தம் கிடந்தது உனக்குத் தெரியுமோ?"

இடம் கிடக்கு

வீட்டுக்கு வந்ததும் தலையணையை எடுத்துவிட்டு நானும் அடித்துப் பார்த்தேன். அந்தச் சத்தம் வரவில்லை. றெஜினா ஒருநாள், "அவரிட்டைப் போய்க் கேளுங்கோவன், சொல்லித் தருவார்" என்றாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

பிறகு தொண்ணூறாம் ஆண்டு வந்தது. தீவில் ஆமி இறங்குகிறது என்ற கதையோடு ஊர் முழுக்க வெளிக்கிட்டது. என் ட்றம்ஸை வீட்டில் விட்டுப் பூட்டினேன். வருடக்கணக்காக எஞ்சின் புகை குடித்துத் தளர்ந்த உடம்போடு, ஒரு தோளில் உடுப்பு மூட்டையும் மறு தோளில் நான்கு வயது மகள் மேரியுமாக நடந்தேன். றெஜினாவுக்கு வயிற்றில் ஏழு மாதம். அவளால் பிள்ளையைத் தூக்க ஏலாது. வெயில் மண்டையைப் பிளந்தது. வேலணைக்குக் கிட்ட வர, என் கால் பின்னத் தொடங்கியது. மேரி தண்ணீர் கேட்டு அழுது, பிறகு அழுவதையும் விட்டுவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சந்தியில் ஒரு கைவண்டில் வந்தது. அதன்மேல் அந்தப் பெரிய ட்றம் படுத்துக்கிடந்தது. மேல் தோலைக் காணவில்லை; வண்டிலை இழுத்துவந்த கனகு அதைச் சுற்றிவர வெட்டி எடுத்திருந்தான். உள்ளே கனகுவின் பிள்ளைகள் இரண்டு பேர் சீலை விரித்து இருந்தார்கள். ஒரு சட்டி, ஒரு கோழி, ஒரு தண்ணீர்க் கான். வெட்டிய தோலைத் தடிகளில் கட்டி மேலே நிழலுக்குப் பிடித்திருந்தான். இழுத்து இழுத்து அவன் உள்ளங்கை பொரிந்திருந்தது. அந்த வெயிலிலும், அந்தப் பயத்திலும், என் மனம் முதலில் நினைத்தது என்ன தெரியுமா? 'ட்றம்மைக் கொண்டு வந்திட்டான்.' அடுத்த கணம்தான் வெட்டின தோல் என் கண்ணில் பட்டது. எங்கள் தொழிலில் இருக்கிறவனுக்குத் தெரியும், அந்தத் தோலில் கத்தி வைக்கக் கை எப்படி வந்திருக்கும் என்று.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனே வண்டிலை நிறுத்தினான். தண்ணீரை எடுத்து முதலில் மேரிக்குக் கொடுத்தான். அவள் குடித்தாள், பிறகு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நானும் றோட்டில் நின்று அழுதேன். கனகு அவளை என் தோளில் இருந்து இறக்கி, தன் பிள்ளைகளுக்கு நடுவில் இருத்தினான். நான் வண்டிலின் மறு பிடியைப் பிடித்தேன். யாழ்ப்பாணத்துக்கு வள்ளம் ஏறுகிற துறை வரைக்கும் இருவருமாக இழுத்தோம். அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் மேரி அதற்குள் இருந்து இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள். நான் வெட்கத்தோடு அவளை இழுக்க, கனகு என் கையைத் தடுத்தான். "விடுங்கோ சூசை அண்ணை, இருக்கட்டும். அக்காவையும் இதிலை சாஞ்சு இருக்கச் சொல்லுங்கோ. இடம் கிடக்கு."

ஒருவன்மேல் காலம் முழுக்க எரிச்சல்பட வேண்டி வந்தால் அவன் கொஞ்சமாவது கெட்டவனாக இருக்கவேண்டும், சகபாடிகளே; எனக்கு அந்த அதிர்ஷ்டமும் வாய்க்கவில்லை.