பாறையோடு ஒட்டி நின்ற பக்கம்

கடுகண்ணாவை ஸ்டேஷனில் கண்டி வண்டிக்குச் சீட்டு வாங்க ஆட்கள் நெருக்கிக்கொண்டிருந்த நேரம். ஜன்னலுக்கு வெளியே மடவளைக்காரர் ஒருவர் காசை நீட்டாமல் நின்றார். டிஸ்பென்சரிக்குச் செய்தி சொல்ல வந்தவர், வழியில் என்னிடமும் சொல்ல நின்றிருக்கிறார்.

"கிளாக்கர் ஐயா, அப்போதிக்கரி மௌத்தாப் பெய்த்தாரு. அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்."

அவருக்குப் பின்னால் நின்ற ஆள், "ரெண்டு மூணாங்கிளாஸ்" என்று கையை நீட்டினான். நான் சீட்டைக் குத்திக் கொடுத்தேன். மாற்று ஆள் வரும்வரை ஜன்னலைவிட்டு எழும்ப முடியாது. அவன் வந்து, நான் பஸ் பிடித்து, கட்டுகஸ்தோட்டையில் இறங்கி ஓட்டமும் நடையுமாக மடவளைக்குப் போய்ச் சேர்ந்தபோது மண் போட்டு மூடியிருந்தார்கள். ஈரம் காயாத அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறென்ன செய்ய?

கடுகண்ணாவைக்காரர்களுக்கு டிஸ்பென்சரி அப்போதிக்கரி ஜமால்தீன் நானாவை நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. அவர் கலக்கிக் கொடுத்த மருந்தின் கசப்பு உங்கள் நாக்கில் இன்னும் இருக்கும். கசக்கிறது என்று யாராவது முகம் சுளித்தால் விடமாட்டார். "கசக்காட்டி அது மருந்தில்ல, சர்பத்து. அது கடையில ஈக்கிது, போய்க் குடி!" என்று வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவார். மனைவி பிள்ளைகள் மடவளையில்; வெள்ளிக்கிழமைகளில் போய் வருவார். மற்ற நாட்களில் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த வீட்டில் அவருக்கு ஒரு அறை, எனக்கு ஒரு அறை. மருந்து கொடுத்த நானாவைத்தான் உங்களுக்குத் தெரியும். வீட்டில் இருந்த நானாவைப் பற்றி நான் சொல்ல வேண்டும்.

ஒருமுறை மாவனல்லையில் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டு இருவரும் பஸ்ஸில் திரும்பினோம். ஏற்றத்தில் எஞ்சின் கொதித்து, பாறை வளைவில் பஸ் நின்றுவிட்டது. எங்களுக்கு முன்னால் இன்னொரு வண்டியும் அதே கதியில் நின்றது. அது மலைநாட்டில் துரைமார் வைக்கும் பந்தயத்துக்குப் போகும் ஓட்டக் கார். கூரையும் இல்லை, கதவும் இல்லை. நீள மூக்கின்மேல் தோல் வாரைக் குறுக்கே இழுத்துக் கட்டியிருந்தது. துரை சிகரெட் பிடிக்க, வேலையாள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். நானா அதன் பக்கத்தில் குந்தினார், குந்தினவர்தான். பஸ்காரன் ஹார்ன் அடித்து அடித்து ஓய்ந்துபோனான்.

"என்ன நானா, பொண்ணு பாக்க வந்த மாதிரி உக்காந்துட்டீங்க? வாங்க, பஸ் போகப் போகுது!" என்றேன்.

"மற்றப் பக்கம் தெரியல்லியே, கிளாக்கர்" என்றார். கார் இடப்பக்கத்தைப் பாறையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. இடையில் கைகூட நுழையாது.

அந்தக் காரைத்தான் அவர் செய்யத் தொடங்கினார், முழங்கை நீளத்தில். கடையில் வாங்கிய துண்டு என்று அதில் ஒன்றும் கிடையாது. சக்கரத்துக்குத் திரைச்சீலை மாட்டும் பித்தளை வளையம். ஆரங்களை மயிர் போன்ற கம்பியில், பஞ்சு பிடிக்கும் சாவணத்தால் ஒவ்வொன்றாகக் கோத்தார். டயருக்குத் தோட்டத்து ரப்பர் பாலை அச்சில் ஊற்றிப் புகை காட்டினார். பிஸ்கட் டின் தகட்டை ஈயப் பலகையில் வைத்து மொட்டை உளியால் அழுத்தி, மூக்கில் காற்றுப் போகும் வெட்டுகளை எடுத்தார். முறிந்த ஊசி மருந்துக் குழல் பெட்ரோல் குழாயாயிற்று. வார் அவருடைய கைக்கடிகாரத்தினுடையது. முன்முகத்து வலை என்னுடைய தேத்தண்ணி வடி! ஒரு காலையில் வடியைத் தூக்குகிறேன், வெறும் வளையம்தான் கையில் வருகிறது.

"நானா, இதென்ன அநியாயம்?"

"தேயிலத்தூளோட குடிங்க, ஒடம்புக்கு மிச்சம் நல்லம்" என்றார் தலை நிமிராமல். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

வலப்பக்கம் முடிந்தபோது என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. பிரேக் பிடியின் வளைவு, ஆணித் தலை, எல்லாம் இருந்தது. இடப்பக்கமோ வழுவழுவென்று வெறும் தகடு. அந்தப் பக்கமும் இப்படித்தானே இருக்கும், அதையே திருப்பிச் செய்துவிட்டால் என்ன என்று கேட்டேன்.

"மனுசனுக்கு ரெண்டு பக்கமும் ஒண்டாவா ஈக்கிது? கல்பு ஒரு பக்கத்திலதானே" என்று தன் நெஞ்சைத் தட்டினார். "காணாதத செய்யப்படாது, கிளாக்கர். பொகை போற குழாய் இந்தப் பக்கம் இல்ல. அப்ப அது அங்காலதான். எப்பிடிப் போகுதெண்டு யாருக்குத் தெரியும்?" எந்தக் காரைக் கண்டாலும் அவருக்கு இதே கவலைதான். எனக்குச் சிரிப்பாக வரும். இப்போது வரவில்லை.

பிறகு காய்ச்சல் வந்தது. கீழ் ஊர்களிலிருந்து சனம் ஏறி ஏறி வந்ததை நீங்கள் எல்லோரும் கண்டீர்கள். போத்தல் இல்லாதவர்கள் சிரட்டையில் மருந்து வாங்கிப் போனார்கள். நேற்று வாங்கிய தாய் இன்று வரமாட்டாள். அவளுடைய சிரட்டையோடு வேறு யாரோ வருவார்கள். நானா கத்துவதை நிறுத்திவிட்டார். "கொயினா மருந்து ஈக்கிது. அதத் தாங்க வகுத்துல சோறு இல்ல. சோத்த நான் எங்கால எடுத்துக் கலக்கிய?" என்று என்னிடம் கேட்டார். வேலை முடிந்து வந்ததும் அரத்தை எடுத்து ஏதாவது ஒரு பித்தளைத் துணுக்கை ராவுவார். "இது ஒண்டாவது நான் சென்னத கேக்குது" என்பார்.

அந்தக் காய்ச்சல் அவரையும் பிடித்தது. மடவளைக்குப் போகச் சொன்னால், டிஸ்பென்சரியில் ஆள் இல்லை என்று பிடிவாதம். கடைசியில் எழும்ப முடியாமல் படுத்துவிட்டார்.

அப்படி அவர் படுத்திருந்தபோதுதான் அந்தக் கார் மறுபடியும் வந்தது, ரயிலில். ஏற்றத்தில் பின்னால் தள்ளிக்கொண்டு வந்த எஞ்சினைக் கழற்றச் சரக்கு வண்டி நின்றது. திறந்த வேகன் ஒன்றில் மூடியிருந்த படங்குச் சீலைக்குக் கீழே அந்தத் தோல் வார் தெரிந்தது. ரயில் கார்ட்டிடம் கெஞ்சிப் படங்கைத் தூக்கினேன். பிளாட்பாரத்தைப் பார்த்து நின்றது இடப்பக்கம்! என் வாழ்நாளில் எதையும் நான் அப்படிப் பார்த்ததில்லை. வண்டி நகர்ந்ததும் வீட்டுக்கு ஓடினேன்.

"நானா, பாத்துட்டேன்! பொகைக்குழாய் அந்தப் பக்கந்தான்!"

குளிரில் பற்கள் அடித்துக்கொண்டிருந்த மனிதர் கண்ணைத் திறந்தார். "எத்தின வாய்? தனித்தனியா வருதா?"

"நாலு. தனித்தனியா வந்து கீழ வளைஞ்சு ஒரே குழாயில சேருது. வால் வரைக்கும் போகுது. மேல கயிறு சுத்தியிருக்கு."

"நாலு" என்று சொல்லிக்கொண்டார். அந்த முகத்தை நான் எழுதிக் காட்ட முடியாது. உடனே சாவணத்தைக் கேட்டார். கொடுத்தேன். நடுங்கிய விரல்களில் அது நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த பீங்கான் தட்டில் விழுந்து விழுந்து சத்தம் போட்டது. "நீங்க செய்ங்க, நான் செல்றேன்" என்றார்.

செப்புக் கம்பியை வெட்டினேன், வளைத்தேன். முதல் துண்டை ஈயம் வைத்துப் பற்றவைத்தேன், இரண்டாவதையும் வைத்தேன். மூன்றாவதை ஒட்டும்போது முதலாவது உருகிக் கழன்றது. அதைச் சரிசெய்தால் இரண்டாவது கழன்றது.

"ஒட்டினதுக்கு மேல ஈரத் துணி போடோணும். சூடு அங்கால போகாது" என்றார். பிறகு தன் நெற்றியில் நான் போட்டிருந்த ஈரத் துணியை எடுத்து என்னிடம் நீட்டினார். "இந்தாங்க."

நான் அதை வாங்கி, திரும்ப அவர் நெற்றியிலேயே போட்டேன். அவர் மறுபடியும் எடுத்து நீட்டினார். நான் மறுபடியும் போட்டேன். அழுகை வந்துவிட்டது எனக்கு. மேசையில் நாலு துண்டும் நாலு பக்கம் கிடந்தன.

"வெச்சிடுங்க, கிளாக்கர். நான் எழும்பிச் செய்றேன். நீங்க கை போடாதீங்க" என்றார்.

மறுநாள் அவருடைய மச்சான் வாடகைக் கார் பிடித்து வந்து அவரை மடவளைக்குக் கொண்டுபோனார். அதற்குப் பிறகு வந்தது ஜன்னலில் கேட்ட அந்தச் செய்திதான்.

காரை அவர் வீட்டில் சேர்க்கப் போனேன். மச்சான் உள்ளே போய் நானாவின் மனைவியிடம் கேட்டுவிட்டு வந்தார். "அவரு ஒங்கள்ட்டதானே விட்டுட்டுப் பெய்த்தாரு. ஒங்கள்ட்டயே ஈக்கட்டுமாம்" என்றார்.

இப்போது அது என் அறையில், அலுமாரியின்மேல் இருக்கிறது. அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கண்ணை மூடினால் நாலு வாயும், வளைவும், கயிற்றுச் சுற்றும் ஒன்று விடாமல் தெரிகின்றன. எனக்குத் தெரிந்து என்ன செய்ய? தெரிந்திருக்க வேண்டிய கை மடவளை மண்ணில் கிடக்கிறது. அவர் சொன்னபடி நான் கை போடவில்லை. இடப்பக்கத்தைச் சுவரோடு ஒட்டித்தான் வைத்திருக்கிறேன், அன்றைக்கு அது பாறையோடு நின்ற மாதிரியே.