கறுப்புக் கொடி பிடிக்கிறவன்

கோ-கார்ட் என்கிற குட்டிப் பந்தய வண்டியை ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற தொழிலில் டயருக்கு முன்னால் தேய்ந்துபோவது நம் பொறுமைதான். அவிநாசிபாளையம் தாண்டி, வளைந்து வளைந்து போகும் எங்கள் தடத்தில் எனக்கு இரண்டு வேலை. காலையில் ஒவ்வொரு பந்தயக் கார்ட்டையும் எடுத்து முழு வேகத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும். அது சுகம். அப்புறம் நாளெல்லாம் கொடி பிடித்து நிற்க வேண்டும். அது நரகம்.

நீலக் கொடி காட்டினால், பின்னால் வேகமாக வருகிறவனுக்கு வழி விட வேண்டும். கறுப்புக் கொடி காட்டினால், ஓட்டத்தை நிறுத்தி உள்ளே வந்துவிட வேண்டும். போன மாதம் இந்தக் கறுப்புக் கொடியால் மூன்று பேருக்கு ரோஷம் வந்துவிட்டது. "இன்னொரு கஸ்டமர நிறுத்துனீன்னா நீயும் வேலையில இருந்து நின்னுக்கோ" என்று தடத்தின் ஓனர் சொல்லிவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டே வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிக்கும் சக பாவிகளே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

அலவன்ஸ்

ஒரு பனியன் கம்பெனி புரொடக்‌ஷன் மேனேஜர் வந்தார். டெய்லர் ஒரு பீஸ் தைக்க எத்தனை நொடி என்று பக்கத்தில் ஸ்டாப்வாட்ச்சுடன் நின்று, மணிக்கு இத்தனை என்று டார்கெட் போடுகிறவர். களைப்புக்கும் தண்ணீருக்கும் கணக்கில் விட வேண்டிய 'அலவன்ஸ்' நொடிகளைத் தரவே மாட்டாராம்; தண்ணீர் குடிக்கப் போனால்கூட முறைப்பாராம். கூட வந்தவர்களே சொல்லிச் சிரித்தார்கள்.

"வளைவுக்கு முன்னாலயே பிரேக்க முடிச்சிருங்க, வெளிய வரும்போது ஆக்சிலேட்டர்" என்று மூன்று தடவை சொன்னேன். மனிதர் இரண்டு பெடலையும் சேர்த்து மிதித்தார். பிரேக் தீய்ந்து நாறியது. காலையில் நான் பார்த்துப் பார்த்து ஓட்டிய வண்டி அது. வந்தவர்களிலேயே அவர் நேரம்தான் கடைசி. சுற்று நேரம் காட்டும் போர்டை வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "மொதத் தடவ ஓட்டறமுங்க, வெயிலு வேற. ஒரு அஞ்சு செகண்ட் அலவன்ஸ் கழிச்சுப் போட்டு உடுங்க."

முன்னால் முதலாளி

இன்னொரு கம்பெனி, எட்டுக் கார்ட். முதலாளி முன்னால், சைக்கிள் வேகத்தில். மற்ற ஏழும் ஒன்றன்பின் ஒன்றாக, கல்யாண ஊர்வலம் மாதிரி. நீலக் கொடியை ஆட்டினேன். நான் வாழ்த்துகிறேன் என்று நினைத்து அவரும் கையை ஆட்டிவிட்டுப் போனார்.

கடைசிக் கார்ட்டில் இருந்தவர் பேக்கிங் செக்‌ஷன். பயிற்சியில் பார்த்தேன், வெளி ஓரத்திலிருந்து உள்முனையைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்கு வந்து, ஒரு அங்குலம் வீணாக்காமல் வளைந்தார். விட்டிருந்தால் அன்றைய சிறந்த சுற்று அவருடையதுதான். அவரும் பத்துச் சுற்றும் வாலைப் பிடித்தே வந்து இறங்கினார். "ஏனுங்க, முந்தியிருக்கலாமல்ல?" என்று கத்தியே விட்டேன். அவர் ஹெல்மெட்டைத் துடைத்துக் கொடுத்தபடி கேட்டார்: "முந்தலாமுங்ணா. திங்கக்கெழம கம்பெனிக்கு எனக்குப் பதிலா நீங்க வருவீங்களா?"

நாடா

மூன்றாவது சம்பவம்தான் மோசம். ஒரு ஏற்றுமதி கம்பெனி, குழந்தைகள் உடுப்பு. முதலாளி மகன் ஹூடி போட்டு வந்தான். தொப்பியிலிருந்து இடுப்புவரை இரண்டு தடித்த நாடாக்கள். பந்தயக் கார்ட்டில் இருக்கைக்குப் பின்னாலேயே செயினும் அச்சும் மூடியில்லாமல் சுற்றும். நாடாவை உள்ளே திணிக்கச் சொன்னேன். திணித்தான். மூன்றாம் சுற்றில், வேலியோரம் சிநேகிதன் வீடியோ எடுக்கிறான் என்று வெளியே இழுத்து விட்டுக்கொண்டான்.

நாடாக்கள் தோளுக்குப் பின்னால் பறந்தன. பையன் நன்றாகத்தான் ஓட்டினான். அந்தச் சுற்று முடிந்திருந்தால் போர்டில் முதல் பெயர். ஓனர் சொன்னது காதிலேயே நின்றது. கறுப்புக் கொடியைத் தூக்கினேன்.

உள்ளே வந்து ஹெல்மெட்டைத் தரையில் அடித்தான். அப்பா கத்தினார். ஓனர் ஓடிவந்து, என்ன ஏது என்று கேட்காமலே, "மொதல்ல சாரி சொல்லு" என்றார். "மாட்டேனுங்க. கழுத்து போயிருக்கும்" என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை.

அப்போது அந்தக் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் அக்கா ஒருவர் கூட்டத்தை விலக்கி வந்தார். கைப்பையிலிருந்து நூல் வெட்டும் டிரிம்மரை எடுத்து, பையனின் இரண்டு நாடாவையும் கழுத்தோடு வெட்டி, முதலாளி கையில் வைத்தார். அக்கா சொன்னார்: "கொழந்தைக ஹூடியில நாடா இருந்தா கழுத்துல மாட்டிக்கும்னு சரக்கு வாங்கற வெளிநாட்டு பையர் சொன்னப்ப, ஒரு ஆர்டர் பூராத்தையும் எங்கள நிக்க வெச்சு உருவச் சொன்னது நீங்கதானுங்க சார்."

வேலை எப்படியோ தப்பிவிட்டது, ஆனால் எங்கள் ஊரில் ஒரு கழுத்துக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் முதலில் அதை ஏற்றுமதி செய்ய வேண்டியிருக்கிறது.