தெருமுனை தாண்டாத இன்ஸ்பெக்டர்

வீடியோவை நிறுத்தி வைத்தால் அந்தக் காலத்தில் படம் அப்படியே நிற்காது, நடுங்கும். குறுக்கே இரண்டு வெள்ளைக் கோடுகள் ஓட, மழையில் நனைந்த காருக்குள் ஓர் ஆங்கிலேயப் போலீஸ் அதிகாரி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். சாவியைத் திருக மாட்டார், இறங்கவும் மாட்டார். அந்த முகத்தைத்தான் என் தோழியின் அப்பா ஞாயிறுதோறும் ரிமோட்டை நீட்டிப் பிடித்து நிறுத்துவார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்து, "சொல்லுங்க, இப்ப இவன் என்ன பண்ணுவான்?" என்பார்.

தோழி கல்யாணமாகி லண்டன் போனது எண்பதுகளின் நடுவில். முதல் விடுமுறைக்கு வந்தபோது அப்பாவுக்கென்று ஒரு வீடியோ பெட்டியும், அங்கே டெலிவிஷனில் வரும் போலீஸ் தொடர் ஒன்றைப் பதிந்த கேசட்டுகளும் கொண்டுவந்தாள். அப்பா இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பிடிக்கும் என்று நினைத்தாள். அந்த ஊர் ஆங்கிலம் அவருக்குப் பிடிபடாது என்பதால் என்னிடம், "நீ ஆங்கில லெக்சரர்தானே, ஞாயித்துக்கிழமை போய் அவருக்கு எடுத்துச் சொல்லேன்" என்று கேட்டுக்கொண்டாள். முதல் மழைக்காலத்திலேயே கேசட்டுகளில் பூஞ்சை பிடித்துவிட்டது. ஒழுங்காக ஓடியது ஒன்று மட்டும்தான். ஆகவே ஒரே கதையை வாராவாரம் பார்த்தோம். ஸ்ரீரங்கத்தில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போதெல்லாம் என் அம்மா, "இன்னிக்கும் அந்தப் போலீஸ் கதையா? ஒரு ஞாயித்துக்கிழமையாவது ஆத்துல இருக்கப்படாதோ?" என்பாள். வீட்டில் இருந்தால் யாராவது என்னைப் பெண் பார்க்க வருவார்கள். எனக்கும் அந்தக் கேசட் தேவையாக இருந்தது.

கதை சிக்கலானதல்ல. கடையில் நடந்த ஒரு திருட்டுக்காக ஓர் இளைஞனைப் பிடித்து வருகிறார்கள். மூடிய அறையில் அந்த அதிகாரி அவனைத் தொடாமலேயே, கேள்வி மேல் கேள்வி கேட்டுக் களைக்க வைத்து ஒப்புக்கொள்ளச் செய்கிறார். அவன் எடுக்கவில்லை என்பது பிறகு அவருக்குத் தெரிய வருகிறது. ஸ்டேஷன் வாசலில் காருக்குள் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே போய்ச் சொன்னாரா என்று காட்டாமலே படம் முடிந்துவிடும். மாடியில் குடியிருந்த ரயில்வே கிளார்க், "கண்டிப்பா உள்ள போவான் சார், முகத்தைப் பாருங்க" என்பார். நான் பின்னணி இசையையெல்லாம் ஆதாரம் காட்டி அவரோடு சேர்ந்துகொள்வேன். இன்ஸ்பெக்டர் மட்டும் ஒரே பதில்தான் சொல்வார். "போக மாட்டான். போனா வேலை போச்சு, பென்ஷன் போச்சு. போலீஸ்காரன் புத்தி எனக்குத் தெரியாதா?" அவர் மனைவியை நான் ஆன்ட்டி என்று கூப்பிடுவேன். அந்த விசாரணைக் காட்சி வரும்போது அவர் காபி போட எழுந்து போய்விடுவார்.

இன்ஸ்பெக்டர் வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. முழங்கால் வலி என்று சொல்லியிருந்தார். சர்ச்சுக்கு, ஞாயிறு பூசைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். பங்குச் சாமியார்தான் மாதத்துக்கு ஒருமுறை நற்கருணை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். ஆனால் தூர்தர்ஷன் மங்கினால் ஆன்டெனாவைத் திருப்ப மொட்டை மாடிக்கு அவர் ஏறுகிற வேகத்தைப் பார்த்து நான் வியந்திருக்கிறேன். தெருமுனையில், புங்க மரத்தடியில், ஓர் இஸ்திரி வண்டி நின்றது. இஸ்திரிக்காரர் நாற்பதை நெருங்கிய ஒல்லியான மனிதர், யாரோடும் அதிகம் பேச மாட்டார். அந்த வீட்டுக்கு வருகிறவள் என்று தெரிந்துகொண்டு ஒருநாள் என்னிடம், "ஐயா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார். வந்து சொன்னேன். இன்ஸ்பெக்டர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். அன்று படம் போடவில்லை.

அடுத்த ஞாயிறு ஆன்ட்டி காபி போட எழவில்லை. விசாரணைக் காட்சி முழுவதையும் உட்கார்ந்து பார்த்தார். படம் நின்றது, கேள்வி வந்தது, கிளார்க் சொன்னார், நான் சொன்னேன். "போக மாட்டான். பென்ஷன் போயிடும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ரிட்டயர் ஆனப்புறம் போலாமுல்ல?" என்றார் ஆன்ட்டி. "பென்ஷன்தான் வந்துடுச்சே."

கிளார்க் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லி மாடிக்குப் போனார். இன்ஸ்பெக்டர் டெலிவிஷனை அணைத்தார். அணைந்த திரையைப் பார்த்தபடியே பேசினார். அவர் சப் இன்ஸ்பெக்டராக இருந்தபோது ஒரு ரைஸ் மில் முதலாளி வீட்டில் சங்கிலி காணாமல் போனது. மில்லில் வேலை பார்த்த பையனைக் கொண்டுவந்தார்கள். "ரெண்டு நாள் பெஞ்சுல உக்கார வச்சேன். தூங்க விடல. ஒத்துக்கிட்டான், உள்ள போனான். அப்புறம் வேற கேஸ்ல மாட்டின ஒருத்தன் அந்தச் சங்கிலியை எடுத்தது தான்தான்னான். அதைக் கேட்டது நான் ஒருத்தன்தான். எனக்குப் பிரமோஷன் வர நேரம்." ரிமோட்டை மேசைமேல் வைத்தார். "அவன்தான் தெருமுனையில நிக்கிறான். நான் எப்பப் போனாலும் இஸ்திரிப் பெட்டியை நிமித்தி வச்சிட்டுக் கும்புடுவான். அதான் வெளிய போறதையே விட்டேன். திட்டினாக்கூடத் தாங்கிக்குவேம்மா."

இஸ்திரிக்காரரை அழைத்துவர முடியுமா என்று என்னைக் கேட்டார். நான் எழுவதற்குள் ஆன்ட்டி தடுத்துவிட்டார். "நீங்க போங்க. தெருமுனைதானே."

வேட்டியை மாற்றிக்கொண்டு போனார். நானும் ஆன்ட்டியும் கொஞ்சம் பின்னால் நடந்தோம். இஸ்திரிக்காரர் வழக்கம்போல் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கும்பிட்டார். "நீ எடுக்கலைன்னு எனக்குத் தெரியும்" என்றார் இன்ஸ்பெக்டர். அந்த மனிதர் பாதி தேய்த்திருந்த சட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்கும் தெரியுமுங்களே" என்றார் கடைசியில். "எங்கிட்டச் சொல்லி என்னாங்க ஆவப்போவுது? எங்கப்பாருகிட்ட வந்து சொல்லுங்க. உள்ள போயிட்டு வந்ததுலேருந்து வூட்டுப் படியேற விடல. நான் சொன்னா நம்ப மாட்டாரு. ஐயா சொன்னா நம்புவாரு."

பல வாரங்கள் போயின. ஒரு வாரம் மழை, ஒரு வாரம் முழங்கால். படம் போடவும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. நான் போய் உட்கார்ந்துவிட்டு வருவேன். கடைசியில் ஆன்ட்டி ஒரு சனிக்கிழமை காலை அவரைக் கிளப்பிவிட்டார். "நீயும் கூட வா. நீ இருந்தா பாதி வழியில இறங்க மாட்டாரு" என்று என்னையும் கூப்பிட்டார். திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினோம். பின் இருக்கையில் இஸ்திரிக்காரர் புதிதாகத் தேய்த்த சட்டையில் உட்கார்ந்திருந்தார். லால்குடி தாண்டி ஒரு நிறுத்தத்தில் இறங்கி, வயல் நடுவே நடந்தோம். குறுக்கே வாய்க்கால், அதன் மேல் ஒரு ஆள் போகிற அகலத்துக்குக் கல் மதகு, அந்தப் பக்கம் வீடு. மதகுக்கு இந்தப் பக்கமே இஸ்திரிக்காரர் நின்றுவிட்டார். "இதுக்கு மேல நான் வரக்கூடாதுங்க" என்றார்.

அவருடைய அப்பா முற்றத்தில் வைக்கோல் பிரி திரித்துக்கொண்டிருந்தார். எங்களை உட்காரச் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் நின்றபடியே தாம் யார் என்று சொன்னார், பிறகு, "உங்க மகன் எடுக்கலை. எடுத்ததா நான்தான் ஒத்துக்க வச்சேன்" என்றார்.

கிழவரின் கை நின்றது. "அடிச்சீங்களா?"

"இல்லை." இன்ஸ்பெக்டர் மனைவியை ஒருமுறை பார்த்தார். வீட்டில் எங்களிடம் சொல்லாததை அங்கேதான் சொன்னார். "ரெண்டு நாள் எதுக்கும் அசையல. உன் ஆத்தாளை ஸ்டேஷனுக்குக் கூட்டியாரவான்னு அவன்கிட்டக் கேட்டேன். உடனே ஒத்துக்கிட்டான்."

ஆன்ட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கிழவர் இன்ஸ்பெக்டரை நிமிர்ந்து பார்த்தார். கோபம் வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. "அவ செத்தப்ப அவன் அந்த மதகாண்டதான் நின்னான்" என்றார். "மொகத்தைப் பாத்துட்டுப் போயிடுறேன்னு அழுதான். நான் வுடலீங்க. திருட்டுக் கை அவ மேல படக்கூடாதுன்னேன்." பிரியைக் கீழே போட்டார். "நீங்க எங்கிட்ட வந்து சொல்லிப்புட்டீங்க. நான் யாருகிட்டப் போயிச் சொல்றது?"

எழுந்து, எங்களைக் கடந்து, வெறுங்காலோடு மதகை நோக்கி நடந்தார். மகன் அந்தப் பக்கம் நின்றார். அப்பா மதகின் நடுவில் போய் நின்றார். அவர்கள் பேசினார்களா என்று எங்களுக்குக் கேட்கவில்லை. பிறகு கிழவர் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். மகனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

ரோட்டில் பஸ் வரும் சத்தம் கேட்டது. அந்த வீட்டிலிருந்து வெளியேற மதகைத் தவிர வேறு வழி இல்லை. அவர்களைத் தாண்டிக்கொண்டு போக எங்களில் யாருக்கும் முகம் இல்லை. பஸ் நின்று, ஹாரன் அடித்து, கிளம்பிப் போனது. யாருடைய வீடோ, உட்கார் என்றும் போ என்றும் சொல்ல ஆள் இல்லாமல் வெயிலில் நின்றோம். இன்ஸ்பெக்டர் கேட்டார், "அடுத்த பஸ் எப்ப?" ஆன்ட்டி அவரைப் பார்க்காமலே, "அவங்க எந்திரிக்கட்டும்" என்றார்.

இன்று எந்த நேரம் டெலிவிஷனைத் திருப்பினாலும் ஏதாவது ஒரு போலீஸ் தொடர் ஓடுகிறது. ஒவ்வொன்றிலும் உண்மை வெளிவந்ததும் கதை முடிந்துவிடுகிறது. நான் பார்த்தது அப்படி முடியவில்லை. நிழல் முற்றத்தின் மறுபக்கம் சாய்ந்த பிறகு கிழவர் எழுந்தார். மகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பாமல், எங்களைக் கடந்து உள்ளே கூட்டிப் போனார். படியில் மகன் ஒரு கணம் தயங்கினார், அப்பா இழுத்தார். கதவு சாத்தப்படவில்லை, உள்ளே விசும்பல் கேட்டது.

மதகு இப்போது காலியாக இருந்தது. ஆன்ட்டி விறுவிறுவென்று நடந்து தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டார். நானும் போனேன். திரும்பிப் பார்த்தால், இன்ஸ்பெக்டர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். ஆன்ட்டி அவரைக் கூப்பிடவில்லை.