தப்பு வேறு, பித்தலாட்டம் வேறு

மெத்தை தைப்பவரின் வாயில் பித்தலாட்டம் என்ற சொல் லேசில் வராது. மற்றவர்கள் பேருந்து தாமதமானாலும் பித்தலாட்டம் என்பார்கள், பால் திரிந்தாலும் பித்தலாட்டம் என்பார்கள். இவருக்கு அது ஆகாது.

"கை தவறினா தப்பு. தெரியாம செஞ்சாலும் தப்பு. தெரிஞ்சே செஞ்சு, அதை மறைச்சும் வெச்சாத்தான் பித்தலாட்டம். ஒருத்தனை அப்படிச் சொல்றதுக்கு முன்னாடி நல்லா யோசிக்கணும்."

இத்தனை வருடத்தில் ஒரே ஒரு நூல் வியாபாரியைத்தான் அப்படிச் சொன்னார். அதன்பிறகு அந்தத் தெருவில் யாரும் அவனிடம் நூல் வாங்கவில்லை. இவர் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு.

கடையில் கூட இருப்பவன் தம்பி. அப்பா போனபின் இவர் தோளில் போட்டு வளர்த்த பிள்ளை. இவர் அளந்து வெட்டிக் கொடுப்பார், அவன் திணித்துத் தைப்பான்.

ஒருநாள் வயதான லாரி ஓட்டுநர் ஒருவர் மெத்தையோடு வந்து இறங்கினார். படுத்த படுக்கையாகக் கிடக்கும் மனைவிக்காகப் போன மாதம் இங்கே தைத்தது.

"நடுவுல குழி விழுந்துடுச்சுங்க. அவ முதுகெல்லாம் புண்ணு. இது தப்பா, பித்தலாட்டமா? நீங்களே பிரிச்சுப் பார்த்துச் சொல்லுங்க."

பிரித்தார். புது உறைக்குள் பழைய ஸ்பாஞ்ச். கடையில் பழசும் புதுசும் ஒரே மூலையில்தான் கிடக்கும், மாறிப்போயிருக்கும் என்று மனம் அடித்துக்கொண்டது. கையை விட்டுத் தடவினார். பழைய ஸ்பாஞ்சில் இருந்த குழியில் கந்தலை அடுக்கி, மேலே மெல்லிய புது ஸ்பாஞ்சை ஒட்டி மட்டம் செய்திருந்தது. தெரியாமல் பழசை வைத்தவன் குழியை ஏன் நிரப்பப் போகிறான்? தம்பி ஊசியைப் பிடித்தபடி இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சொல் இவர் வாயிலிருந்து வந்தால் அவன் பிழைப்பு அன்றோடு போச்சு.

"தப்பு நடந்துடுச்சுங்க," என்றார். "பழசும் புதுசும் கலந்து கெடந்துச்சு, தெரியாம வெச்சுட்டோம். இப்பவே புதுசு போட்டுத் தர்றேன்."

ஓட்டுநர் இவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். "நீங்க சொன்னா சரிதாங்க. அவ வலியில கத்துறப்ப ஆத்திரத்துல உங்களைப் போய் என்னென்னவோ நெனச்சுட்டேன். என்னை மன்னிச்சுடுங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது இவருக்கு.

புது மெத்தையோடு அவர் போனதும் தம்பி பக்கம் திரும்பினார். "ஏன்டா, அந்தப் பொம்பளை உனக்கு என்னடா பாவம் பண்ணுச்சு?"

"விடுண்ணா," என்று நூலைக் கோர்த்தான் தம்பி. "நான் சொல்லியிருந்தா செருப்பைக் கழட்டியிருப்பாரு. நீ சொன்னதும் மன்னிப்புக் கேட்டுட்டுப் போறாரு பாரு. உள்ள இன்னும் நாலஞ்சு பழசு கெடக்கு, அதையும் தள்ளிவிட்டுடலாம்."

திட்டத்தான் வாயைத் திறந்தார். எதைச் சொல்லித் திட்டினாலும் அது தன்னையும் சேர்த்துத்தான் என்று தெரிந்ததும் மூடிக்கொண்டார்.