சுழல்குறியை நிறுத்தச் சொன்ன பிலோமினா அக்கா

செய்தி வந்தபோது மகளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தேன். பிலோமினா அக்காவின் தம்பி அன்ரன் அனுப்பிய இரண்டு வரிகள்: "அக்கா விடியக் காலமாகிட்டா. கொட்டாஞ்சேனை வீட்டிலதான் வச்சிருக்கிறம்." அழுகைக்கு முன்னால் எனக்கு வந்த நினைப்பைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை நான் வெளியிட்ட புதுப்பிப்பு அக்காவுக்குக் கிடைத்ததா?

எங்கள் மென்பொருள் லைப்ரரியைப் பயன்படுத்தும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சிட்டு இயக்கும் நிரல்களை எழுத உதவும் அந்தச் சிறிய லைப்ரரியை நாங்கள் சிலர் சம்பளமில்லாமல் பராமரித்து வருகிறோம். அதற்கு வந்த பிழை அறிக்கைகளில் மிகக் கூர்மையானவை அக்காவுடையவை. இரண்டு வருடம் எழுத்தில் மட்டும் பழகிய பிறகு, வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நாங்கள் சந்தித்தோம். வெள்ளைப் பிரம்போடு வந்தார். அவருக்குக் கண் தெரியாது என்று அப்போதுதான் அறிந்தேன்.

"நீங்க சொல்லவேயில்லையே அக்கா?"

"நீயும் உன்ர கண்ணைப் பற்றி எனக்கு ஒண்டும் எழுதேல்லையே" என்றார். பிறகு, "இந்தக் கடையில தோசை நல்லா இருக்குமோ? அதைச் சொல்லு முதல்."

கூட்டங்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கிக் கொடுப்பது அவருடைய தொழில். நீண்ட பதிவுகளைத் துண்டுகளாகப் பிரிக்க, எங்கள் லைப்ரரியைக் கொண்டு தானே ஒரு நிரல் எழுதி வைத்திருந்தார். திரையில் வரும் ஒவ்வொரு எழுத்தையும் கணினி அவர் காதில் வாசிக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் மறந்தேன். வேலை நடக்கும்போது சாய்கோடும் சிறுகோடும் மாறி மாறி வந்து திரையில் ஒரு குறி சுற்றிக்கொண்டே இருக்கும்படி புதிய பதிப்பில் சேர்த்தேன். எந்தப் பதிப்பையும் அக்காவுக்கு முன்கூட்டியே அனுப்புவது வழக்கம். அன்று மகளுக்குத் தடுப்பூசி நாள்; அவசரத்தில் அனுப்பாமலே வெளியிட்டுவிட்டேன். எல்லாரும் அழகாக இருக்கிறது என்றார்கள். மறுநாள் அக்காவின் குரல் செய்தி வந்தது.

"எடியே, உன்ர புதுப் பதிப்பு என்ர காதுக்குள்ள பேயாட்டம் ஆடுது. ஸ்லாஷ், டேஷ், ஸ்லாஷ், டேஷ்... இருபது நிமிசம்! வேலை நடக்குதோ, படுத்திட்டுதோ ஒண்டும் விளங்கேல்ல."

பழைய பதிப்பைப் போட்டுக்கொள்ளலாமே என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"நான் போடுவன். என்னை மாதிரி இன்னும் எத்தினை பேர் இருக்கினம்? அவையளுக்கு ஆர் சொல்லுறது?"

இந்த வாரமே திருத்துகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மகளுக்குக் காய்ச்சல் வந்தது. அது விட்டதும் இருமல். அழைப்பில் அவள் அழும் சத்தம் கேட்டு அக்காதான் என்னை நிறுத்தினார்: "முதல்ல பிள்ளையைப் பார். லைப்ரரி பால் கேட்டு அழாது." அந்த இடைவெளியில் அவருக்கு நெஞ்சுவலி வந்து, ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பினார். நான் திரையை அணைத்துவிட்டு, காதில் மட்டும் கேட்டபடி எங்கள் நிரலை ஓட்டிப் பார்த்தேன். இரண்டு நிமிடம்கூடத் தாங்க முடியவில்லை. சுழல்குறியை எடுத்துவிட்டு, தொடக்கத்தில் ஒரு வரி, முடிவில் ஒரு வரி என்று மாற்றி, செவ்வாய்க்கிழமை வெளியிட்டு அவருக்கும் எழுதினேன். பதில் வரவில்லை. சனிக்கிழமை அன்ரனின் செய்தி வந்தது.

மகளை மாமியிடம் விட்டுவிட்டுக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். வழி முழுக்க ஒரே கேள்வி. நான் மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே போய்விட்டாரோ? வாசலில் நின்ற அன்ரன் என் பெயரைக் கேட்டதும், "வெள்ளவத்தைப் பிள்ளையோ?" என்றார்.

"ஓம் அண்ணா. அக்காவுக்கு என்ர அப்டேட் கிடைச்சதோ?"

"ஓமோம், புதன்கிழமையே போட்டுட்டா. 'அப்பாடா, வாயை மூடீட்டுது' எண்டு ஒரே சிரிப்பு."

உள்ளே செபம் நடந்துகொண்டிருந்தது. நான் வாசலில் நின்று சிரித்தேன், பிறகுதான் அழுதேன்.

"உங்களுக்குத்தான் எழுதிக்கொண்டிருந்தவ. முடிக்கேல்ல" என்று அன்ரன் அக்காவின் மடிக்கணினியைத் திறந்து காட்டினார். நன்றிக் கடிதம் என்று நினைத்தேன். அது பிழை அறிக்கை.

"சுழல்குறி போய்விட்டது. நன்றி. அடுத்தது. ஒரு கோப்பை அழிக்கச் சொன்னால் 'நிச்சயமா?' என்று கேட்கிறாய். ஓம் என்கிறேன். 'உண்மையிலேயே நிச்சயமா?' என்று திரும்பக் கேட்கிறாய். இது நிரலின் சுபாவம் இல்லை, உன்னுடையது. ஒருமுறை கேள். பதில் சொன்னால் நம்பு. அதோடு"

அங்கே நின்றிருந்தது. என்னில் கோபமில்லாத ஒருவர்தான் இப்படி உரிமையோடு ஏசுவார். மூன்று வாரமாக என்னை அரித்த பயம் அந்த வாசலிலேயே விட்டுப்போயிற்று.

அந்த "அதோடு"வுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். அக்காவைப் போல ஏசியே எழுதுங்கள். நேற்று வெளியான பதிப்பில் கேள்வி ஒருமுறைதான் வரும். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டதும் அதுதான்.

இதை எழுத உட்காருமுன் அறைக்குள் எட்டிக் கேட்டேன்: "பிள்ளைக்குக் காய்ச்சல் ஒண்டும் இல்லையே மாமி?"

"இல்லை" என்றார் மாமி.

சரி என்று வந்து உட்கார்ந்தேன்.