குளிர் தாங்காத மெஷின்

எண்பதுகளின் தொடக்கத்தில் தேயிலைத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, மலையூரான தானா ராத்தாவில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, ஐஸ் பெட்டிகளையும் குளிரறைகளையும் பழுதுபார்க்கும் தொழிலில் இறங்கியிருந்தேன். மலைப் பூக்கள் லோரியில் கோலாலம்பூர்வரை போய்க்கொண்டிருந்த காலம். வேலைக்குக் குறைவில்லை.

பக்கத்து ஊரான கியா பார்மில் செவ்வந்தி பயிரிட்டு விற்றுவந்த ஓர் அக்கா ஆளனுப்பினார். இரண்டு சட்டைக்கு மேல் ஸ்வெட்டரும் ரப்பர் பூட்ஸுமாகத் தோட்டத்தில் நிற்பவர். பூக்களை வைக்கப் புதிதாகக் கட்டிய குளிரறை சில காலைகளில் குளிர்வதே இல்லை. மத்தியானம் தானாகச் சரியாகிவிடுகிறது. சமவெளி நகரான ஈப்போவிலிருந்து ஒரு சீன மெக்கானிக் இருமுறை வந்து, குளிரூட்டும் காஸ் ஏற்றிவிட்டுப் போயிருந்தார்.

நான் போனது பதினொரு மணிக்கு. மெஷின் அழகாக ஓடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் பார்த்தேன், ஒரு குறையும் தெரியவில்லை. வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று நானும் கொஞ்சம் காஸ் ஏற்றினேன். இரண்டே நாளில் மறுபடி அழைப்பு.

"தம்பி, முன்ன காலையில மட்டும்தான் படுத்துக்கிச்சு. நீங்க வந்துட்டுப் போனதுலேருந்து மத்தியானமும் படுத்துக்குது லா," என்றார் அக்கா. கோபமில்லை, சிரிப்புதான். அதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது.

காஸ் அதிகமாகி, வெயில் நேரத்தில் அழுத்தம் தாங்காமல் நின்றிருக்கிறது. நான் ஏற்றியதையும் ஈப்போக்காரர் ஏற்றியதையும் அளவு பார்த்து வெளியே விட்டேன்.

"நீங்க எல்லாரும் வெயில் வந்தப்புறம்தான் வரீங்க. நல்லா ஓடுறப்ப பாத்தா என்ன தெரியும்? காலையில வாங்க. சீக்கா இருக்கிறப்ப பாருங்க," என்றார் அக்கா.

மறுநாள் ஆறரை மணிக்கே மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்தேன். பனிமூட்டம், காற்று வேறு. கொட்டகைக்குப் பின்னால், பள்ளத்தாக்கைப் பார்த்த விளிம்பில் மெஷினை வைத்திருந்தார்கள். ஒரு நிமிடம் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. காஸ் போகும் குழாயிலிருந்த சிறு கண்ணாடியில் குமிழ்கள் தெரிந்தன. பொதுவாகக் காஸ் குறைந்தால்தான் அப்படிக் குமிழும். ஆனால் முந்தின நாள்தான் நானே அளவு பார்த்து வைத்திருந்தேன்.

மெஷினின் வெளிப்பக்கக் கம்பிவலையில் கையை வைத்தேன். அறையிலிருந்து உறிஞ்சிய சூட்டை வெளியே விடும் இடம். கை பொறுக்காத சூடு இருக்க வேண்டும். கல் மாதிரி சில்லென்றிருந்தது. உள்ளங்கையை எடுக்காமலே புரிந்துவிட்டது. மெஷினின் விசிறி போதாதென்று பள்ளத்தாக்குக் காற்றும் சேர்ந்து சூட்டைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. சூடில்லாமல் அழுத்தமில்லை, அழுத்தமில்லாமல் காஸ் அறைக்குள் போகவில்லை. ஈப்போ வெக்கையில் யாரும் காணாத கோளாறு.

"அக்கா, மெஷினுக்குக் குளிருது," என்றேன்.

"என்னாது? குளுர வைக்கிற மெஷினுக்கே குளுருதா?"

"ஆமாக்கா. ஒரு அட்டப்பெட்டி குடுங்க."

அட்டையைப் பிரித்துக் கம்பிவலையில் பாதியை மூடிக் கட்டினேன். பூ வெட்டப் போக இருந்த பெண்கள் சுற்றி வந்து நின்றார்கள். அழுத்தமானியின் முள் மெல்ல மெல்ல ஏறியது. கண்ணாடியில் குமிழ்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் தெளிந்த தண்ணீர் போலாகிவிட்டது. மெஷின் நிற்காமல் ஓடியது. அரைமணி நேரத்தில் அறைக்குள் கைவிரல் விறைத்தது. ஒரு பெண் தன் தோளிலிருந்த கம்பளியை நீட்டி, "பாவம், இதையும் போத்தி விடுங்க அண்ணே," என்றாள். அக்கா சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது.

அந்த வாரமே காற்றை மறிக்கத் தகரத் தடுப்பு வைத்தோம். அழுத்தம் குறைந்தால் விசிறியைத் தானாக நிறுத்தும் ஒரு சுவிட்சையும் வாங்கிப் பொருத்தினேன். அதன்பின் அந்த அறை காலையிலும் படுத்துக்கொள்ளவில்லை.

ஒரு மாதம் கழித்து ஈப்போ மெக்கானிக்கை தானா ராத்தாவில், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் தேநீர்க்கடையில் பார்த்தேன். எனக்குத் தெரிந்த மலாயில் நடந்ததைச் சொன்னேன். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்; பிறகு சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, அந்த சுவிட்ச் எங்கே கிடைக்கும் என்று கேட்டு எழுதிக்கொண்டார். என் தேநீருக்கும் அவரே காசு கொடுத்தார்.