அண்ணனுக்குச் சொல்லாத கலியாணம்

போன வருடம் வைகாசி மாதம், மானிப்பாய் போகும் பஸ்ஸில் நடந்தது இது. மகளின் கலியாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. நான் உரும்பிராயிலிருந்து யாழ்ப்பாணம் வந்து, அங்கே பஸ் மாறி, மானிப்பாயில் இருக்கும் ஓர் உறவினர் வீட்டுக்குக் கலியாணம் சொல்லப் போய்க்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கம் கார்ட் கொடுத்தால் மட்டும் போதாது. வீட்டுக்குப் போய், இருந்து, ஒரு வாய் தேத்தண்ணியாவது குடித்து, வாயால் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் போன் எடுத்துச் சொல்ல வேண்டும். கார்டைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு இருந்தால், "எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை" என்று பிறகு நாலு பேருக்கு முன்னால் கேட்பார்கள். கேட்பதில் நியாயமும் இருக்கிறது.

ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டேன். முதலாவதாகச் சொல்லியிருக்க வேண்டிய ஆளுக்குத்தான் சொல்ல முடியவில்லை. அது என் அண்ணன்.

எனக்கு இருப்பது ஒரே அண்ணன். கலியாணம் கட்டாதவர். என் கணவர் இறந்த பிறகு மகளுக்குத் தகப்பன் மாதிரி நின்றவர். அவர் ஐம்பத்திரண்டு வயதில் சமையல் வேலை என்று ஒரு வளைகுடா நாட்டுக்குப் போக வெளிக்கிட்டார். மகளுக்கு நல்ல சம்பந்தம் ஒன்று வந்திருந்த நேரம் அது. "இரண்டு வருசம் பொறு, நான் வந்து நிண்டு செய்யிறன்" என்றார். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். நீங்கள் இல்லாமலும் என் பிள்ளைக்குக் கலியாணம் நடக்கும் என்று வாசல் படலையில் வைத்துச் சொல்லிவிட்டேன். அவர் பையைத் தூக்கிக்கொண்டு போனார். போய்ச் சேர்ந்ததும் புது நம்பரை மட்டும் எழுதி அனுப்பினார்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் கதைக்கவில்லை. நாள் குறித்தவுடன் அந்த நம்பருக்கு, நாங்கள் எல்லோரும் வெளிநாட்டுக்குக் கதைக்கும் அதே செயலியில் அழைப்பு எடுத்தேன். மன்னிப்பும் கேட்டு, கலியாணமும் சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். மணி அடித்தது. எடுத்தார். நான் அண்ணை, அண்ணை என்று கூப்பிடுகிறேன், அங்கே ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. கொஞ்ச நேரத்தில் கட் ஆகிவிட்டது. அடுத்த நாளும் அப்படித்தான். எடுக்கிறார், பேசுகிறாரில்லை. நான் ஒருநாள் அழுதேன், ஒருநாள் ஏசினேன். ஒருநாள் நானும் வாயைத் திறக்காமல் காதில் வைத்துக்கொண்டு இருந்தேன், யார் முதலில் பேசுவது பார்ப்போம் என்று. அதற்குப் பிறகு அவர் எடுப்பதையே விட்டுவிட்டார்.

மாமாவுக்கு அங்கே இன்ரர்நெற் இல்லையாக்கும் என்றாள் மகள். ஆனால் அவள் போடும் படங்களை எல்லாம் அவர் பார்த்திருப்பது தெரிகிறது. இன்ரர்நெற் இல்லாமல் எப்படிப் பார்ப்பது? குரலைப் பதிந்து அனுப்புங்கோ அம்மா என்றாள். அப்படிப் போட்டுவிட்டுப் போக அது என்ன கடையில் மரக்கறி வாங்கிவரச் சொல்லும் சொல்லா? நான் சொல்ல, அவர் கேட்டு "ஓம்" என்று சொன்னால்தான் சொன்னதாகக் கணக்கு. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேச மனமில்லாத மனிதர் அத்தனை தரம் ஏன் எடுத்தார்?

அன்றைக்குப் பஸ்ஸிலும் விடாமல் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என்னைவிட இளைய ஒரு பெண். ஊர் குருநகராம், மானிப்பாய் ஆஸ்பத்திரியில் இருக்கும் தாயைப் பார்க்கப் போகிறாளாம். என் முகத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"குறை நினைக்காதேங்கோ அக்கா. அவர் எந்த நாட்டிலை?"

சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

"அங்கை உதிலை கதைக்கேலாது. அரசாங்கம் விடாது. மணி அடிக்கும், எடுப்பினம், குரல் மட்டும் போகாது. என்ரை மனுசன் மூண்டு வருசம் அங்கை இருந்தவர். துவக்கத்திலை நாங்களும் சண்டைதான்."

எனக்குத் தலை சுற்றியது. எழுத்து போகுமாம், படம் போகுமாம், பதிந்த குரலும் போகுமாம். நேரே கதைக்கத்தான் முடியாதாம். அதற்கு அந்த நாட்டில் அனுமதி எடுத்த கம்பனிகளின் செயலிகள்தான் வேண்டுமாம். இங்கேயும் குழப்பமான நாட்களில் இப்படியானவற்றைப் பூட்டியிருக்கிறார்கள். அப்போது ஊருக்கே தெரியும். ஆனால் மணியை அடிக்க விட்டுவிட்டுக் குரலை மட்டும் பிடித்து வைக்கிற சட்டத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை.

அவள் நல்ல பிள்ளை. அனுமதி உள்ள செயலி ஒன்றை என் போனில் போட்டுத் தரப் பார்த்தாள். "இது உங்கள் நாட்டில் கிடைக்காது" என்று வந்தது. அவளுடைய போனில் அது இருக்கிறது, அவளும் நானும் ஒரே பஸ்ஸில் ஒரே இருக்கையில் இருக்கிறோம். பிறகுதான் கண்டுபிடித்தாள். நோர்வேயில் இருக்கும் என் மைத்துனி பாவித்துவிட்டு அனுப்பிய போன் அது. அதன் கணக்கு இன்னும் நோர்வேக் கணக்குத்தானாம். அண்ணன் ஒரு நாட்டில், நான் ஒரு நாட்டில், என் போன் மூன்றாவது நாட்டில். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"விடுங்கோ அக்கா. காசு போனாலும் பரவாயில்லை, நேரே நம்பருக்கு அடியுங்கோ" என்றாள். அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதான். செயலி வந்த பிறகு அப்படி ஒரு வழி இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு முன்னால் இறங்கினோம். கடையொன்றில் போனுக்குக் காசு ஏற்றினேன். நாட்டு இலக்கம் முன்னால் போட்டு அவளே அடித்துத் தந்தாள். மணி அடித்தது, எடுத்தார். "ஹலோ" என்ற குரல் கேட்டதும் நான் பாடமாக்கி வைத்திருந்த மன்னிப்பெல்லாம் பறந்துபோனது.

"அண்ணை, பிள்ளைக்குக் கலியாணம் வைச்சிருக்கு. நீங்கள் வந்து முன்னுக்கு நிண்டு செய்துதர வேணும்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. மறுபடியும் அதே பூட்டுத்தானோ என்று பயந்துபோனேன். பிறகு மெல்லக் கதைத்தார்.

"நான் அவ்வளவு சொல்லியும் நீ ஒண்டும் கதைக்கேல்லையே எண்டு இருந்தன், தங்கச்சி."

அவரும் ஒவ்வொரு தரமும் எடுத்துக் கதைத்திருக்கிறார். ஒருநாள் மனதில் இருந்த எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறார். நான் கேட்டுக்கொண்டே பேசாமல் கட் பண்ணிவிட்டேன் என்று நினைத்து, அதன் பிறகுதான் எடுக்காமல் விட்டாராம். நான் வாயைத் திறக்காமல் வீம்புக்குக் காதில் வைத்திருந்த அதே நாளாக இருக்குமோ என்று நினைத்தேன்.

கலியாண நாள் அவருக்கு முன்னமே தெரியும். ஊரிலிருந்து யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவருடைய முதலாளி ஒரு சமையல்காரருக்கு லீவு தருவதாகச் சொல்லி முதலில் இவரைத்தான் கேட்டாராம். இவர் வேண்டாம் என்றிருக்கிறார். அதை மற்றச் சமையல்காரர் எடுத்துக்கொண்டு தன் நாட்டுக்குப் போய்விட்டார். இனி இவருக்கு லீவு ஆடியில்தான்.

"ஏன் அண்ணை வேண்டாமெண்டனீங்கள்?"

"சொல்லாத கலியாணத்துக்கு என்னெண்டு லீவு கேக்கிறது?"

றோட்டோரத்தில் நின்று குழந்தை மாதிரி அழுதேன். அந்தக் குருநகர்ப் பெண் தாய்க்குக் கொண்டுவந்த சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு என் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். அவளுடைய பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

ஆனி மாதம் கலியாணம் நடந்தது. அண்ணன் வரவில்லை. தாலி கட்டும் நேரம், நேரே எடுத்த அழைப்பில் போனை மணவறைப் பக்கமாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். கெட்டிமேளம் அடங்கியதும் காதில் வைத்தேன். "கேட்டுது, கேட்டுது" என்றார்.

மனதில் இருந்ததைக் கொட்டிய அன்றைக்கு என்ன சொன்னீர்கள் என்று பிறகு இரண்டு மூன்று தரம் கேட்டுவிட்டேன். அது போனது போனதுதான், திருப்பிச் சொல்ல வராது என்கிறார். எந்தச் சட்டம் யாருடைய நன்மைக்கு என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. ஆனால் யாராவது போனை எடுத்துப் பேசாமல் இருந்தால் இப்போதெல்லாம் எனக்குக் கோபம் வருவதில்லை. அந்தப் பக்கம் அவர் ஏதோ முக்கியமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாரோ என்று பயம்தான் வருகிறது.